ஆம்ப்ளிபயர், டெக், ரெண்டு பெட்டி: எல்லாம் எங்கே போச்சு?

14 ஜூலை 2024, ஒரு வாசகர் கேட்டது

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியும் தேடி அலைந்தேன். எந்தக் கடையில் கேட்டாலும் சவுண்ட்பாரைக் காட்டுகிறார்கள். அது வேண்டாம் என்றால் ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து நீட்டுகிறார்கள். எம்பி3-யும் செல்போனும் சேர்ந்து வீட்டு ஹைஃபைக்குச் சங்கு ஊதிவிட்டன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காது செத்துப்போச்சு. இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

14 ஜூலை, இரவு

நான் சொல்கிறேன். சங்கு ஊதியது உண்மை. ஆனால் செல்போன் வந்து சேரும்போது பாடையே கட்டி முடித்தாச்சு.

முதலில் எதை ஹைஃபை என்கிறோம்? பதிவான ஒலியைச் சிதைக்காமல் அப்படியே தருகிற செட்டைத்தானே. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் மதுரை வீடுகளில் இருந்த செட்டுகளைத் திறந்து பார்த்தவன் நான். தகர டப்பா, உள்ளே 4440 போர்டு, பன்னிரண்டு வோல்ட் டிரான்ஸ்பார்மர், முன்னால் பாட்டுக்கு ஏறி இறங்கும் சிவப்பு பச்சை லைட்டு. அந்த 4440 சான்யோ கம்பெனியின் ஐசி, ஆம்ப்ளிபயர் வேலையைச் செய்கிற சில்லு. அதன் டேட்டா ஷீட்டில் சேனலுக்கு 6 வாட் என்று போட்டிருக்கும், அதுவும் 10 சதவீதம் டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, வருகிற இடத்தில் அளந்தது. ஜெர்மன்காரர்கள் 1960-களில் ஹைஃபை என்று சொல்லிக்கொள்ள டிஐஎன் 45500 என்று ஒரு தர அளவு வகுத்தார்கள். அதில் ஆம்ப்ளிபயருக்கு அனுமதித்த டிஸ்டார்ஷன் 1 சதவீதம். நம்ம டப்பா மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் என்ன சொன்னது? 1000 வாட் பிஎம்பிஓ, விளம்பரத்துக்காக ஊதிச் சொல்கிற கணக்கு.

செத்தது ஹைஃபை என்றால் அது குடியிருந்த வீட்டை முதலில் காட்டுங்கள்.

15 ஜூலை

அண்ணாநகர் நண்பர் கோபித்துக்கொண்டார். அவர் அப்பா சோனோடைன் ஆம்ப்ளிபயரும் கேரார்டு டர்ன்டேபிளும் வைத்திருந்தாராம். "மதுரைக்காரன் எல்லாம் 4440 கேஸ் என்று நினைத்தீரா?" என்கிறார்.

சரி, இருந்தன. டாக்டர் வீடு, வக்கீல் வீடு, ஜவுளிக்கடை முதலாளி வீடு. அங்கெல்லாம் எச்எம்வி ஃபியஸ்டா ரெக்கார்டு பிளேயரில் ஆரம்பித்துப் படிப்படியாக மேலே போனார்கள். அவர்கள் உட்கார்ந்து கேட்டவர்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். எல்பி தட்டில் ஒரு பக்கம் இருபது இருபத்தைந்து நிமிடம்தான். முடிந்தால் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி உள் வட்டத்தில் கிடந்து கரகரக்கும். அந்தப் பயத்திலேயே ஆள் நகராமல் இருப்பார். ரசனையும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஊரில் இப்படி எத்தனை வீடு அண்ணே? நான் ஊரைப் பற்றிப் பேசுகிறேன்.

17 ஜூலை

தரம் தரம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பெட்டி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று யாரும் பேசவில்லை.

நான் வளர்ந்தது சிம்மக்கல் பக்கம் ஒரு வளவில். நடுவில் முற்றம், குழாயடி, இரண்டு பக்கமும் வரிசையாகக் குடித்தனங்கள். எங்கள் செட்டு அண்ணன் முதல் போனஸில் வாங்கியது. ஒரு பெட்டி ஜன்னல் திண்டில், முற்றத்தைப் பார்த்து. இன்னொன்று வாசல் நிலைக்கு மேல் பலகை அடித்து, அதுவும் முற்றத்தைப் பார்த்து. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரிந்தது பெட்டியின் முதுகு. பின்பலகையில் வயர் போக ஒரு கோணல் ஓட்டை, அதைச் சுற்றிப் பழைய கேலண்டர் அட்டை வைத்து ஒட்டியிருக்கும், பிளைவுட்டில் மரக்கடை முத்திரை தலைகீழாகத் தெரியும். நாங்கள் கேட்டது எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்த பாட்டு. நல்ல சத்தத்தில் கேட்டவர் எதிர்வீட்டு அக்கா, பாத்திரம் விளக்கிக்கொண்டே. "தம்பி, அதையே இன்னொரு தடவை போடு" என்று குழாயடியிலிருந்து குரல் வரும். கேசட்டை ரீவைண்டு பண்ணிப் போடுவோம். கொஞ்சம் முன்னால் போய் நின்றுவிட்டால் முந்தைய பாட்டின் வாலும் சேர்ந்து வரும், அதற்கும் ஒரு அதட்டல் கிடைக்கும்.

இன்னும் சில வீடுகளில் ஒரு பெட்டி ஹாலில், ஒரு பெட்டி அடுப்படியில். இளையராஜா பார்த்துப் பார்த்து கிடாரை ஒரு பக்கமும் வயலினை ஒரு பக்கமும் பிரித்து வைத்திருப்பார். சமைக்கிறவருக்கு வயலின், பேப்பர் படிக்கிறவருக்கு கிடார். யாரும் குறைப்பட்டுக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் கட்சி இதுதான். அந்தச் செட்டு வீட்டுக்காரன் கேட்பதற்காக வாங்கியது இல்லை, வளவு கேட்பதற்காக வாங்கியது. பையன் சம்பாதிக்கிறான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும், நல்ல பாட்டு நம்ம வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அப்புறம் வளவை இடித்து லாட்ஜ் கட்டினார்கள். ஆளுக்கொரு பிளாட்டு வாங்கி விளாங்குடி, ஆனையூர், திருப்பாலை என்று பிரிந்தோம். அங்கே அதே சத்தத்தில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் காலிங் பெல் அடிக்கிறார். வெளியே கேட்க ஆள் இல்லை. உள்ளே உட்கார்ந்து கேட்டுப் பழக்கமும் இல்லை. செட்டு பரணுக்குப் போச்சு.

17 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

பரண் என்று எழுதின கையோடு ஏறிப் பார்த்தேன். ஒரு பெட்டி இருக்கிறது, இன்னொன்றை யார் எடுத்துப் போனார்கள் என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. இருக்கிற பெட்டியின் முன் ஓட்டைக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. பேஸ் வருவதற்காக விடுகிற அந்த பேஸ் போர்ட்டுக்கு ஒரு உபயோகம்.

20 ஜூலை

உசிலம்பட்டிக்காரர் எழுதியது: "வளவு கதை டவுன் கதை. எங்கள் ஊரில் வீட்டுச் செட்டே கிடையாது. டீக்கடை, பஸ், விசேஷத்துக்கு வருகிற ரேடியோ செட்டு, அவ்வளவுதான்."

இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான், என் கட்சிக்கு இன்னும் பலம். காதுகுத்தோ சடங்கோ, வேப்பமரத்தில் குழாயைக் கட்டினால் ஊருக்கே பாட்டு. கூம்புக் குழாயில் பேஸ் வராது, உச்ச டிரபிளும் வராது, குரல் இருக்கிற நடுப்பகுதி மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். அதனால்தான் டிஎம்எஸ் பாட்டு அதில் அவ்வளவு கணீரென்று இருக்கும், கண்மாய்க்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் வார்த்தை புரியும். 1922-ல் மதுரையில் பிறந்த மனுஷர் என்பதற்காகச் சொல்லவில்லை. மென்மையான குரல்களை அதே குழாயில் போட்டுப் பாருங்கள், பாதி காற்றோடு போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. கொடைக்கானல் மலைமேல் 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், கோடை பண்பலை 100.5. எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். அந்தக் காலத்து வீட்டு கேசட் டெக்கில், தேய்ந்த ஹெட்டோடு, அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். அதாவது கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வந்து சேர்ந்த சிக்னல், டவுனில் செட்டு வைத்திருந்தவன் கேசட்டைவிடச் சுத்தம். கடைசியில் அதைக் கையகல ரேடியோவின் ஸ்பீக்கர் கெடுத்தது, அது வேறு.

22 ஜூலை

"அப்படியானால் எந்த வருஷம் செத்தது, தேதி சொல்லுங்கள்" என்கிறார் கேள்வி கேட்டவர்.

ஒரே நாளில் இல்லை. ஆனால் ஷோகேஸைப் பாருங்கள். நடுத் தட்டு யாருக்கு என்பதில்தான் சண்டையே. டெக்கும் ஆம்ப்ளிபயரும் இருந்த நடுத் தட்டுக்கு டிவி வந்தது. 2004-ல் சன் மியூசிக். 2006-ல் அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது, 14 இஞ்ச். அதில் இருந்த ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன், உள்ளங்கை அளவுகூட இல்லை. நான் திட்டிக்கொண்டிருக்கும் 4440 செட்டுகூட அதற்கு மேல் எத்தனையோ படி உசத்தி. இருந்தும் செட்டை அணைத்துவிட்டு அந்த டிவியில் பாட்டுப் பார்த்தோம். சத்தம் மோசமானது பற்றி ஒருத்தரும் பேசவில்லை, படம் வருகிறதே.

காது செத்தது என்றால் அன்றைக்கே செத்தது. செய்தவர்கள் இன்றைக்கு ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்கள். பிள்ளைகள் மேல் பழியைப் போடாதீர்கள்.

அப்புறம் கரண்ட். 2012 யாருக்கும் மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் போட்டோம், அதிலும் மலிவானது. மலிவு இன்வெர்ட்டரில் வருவது வழக்கமான கரண்டின் வழவழப்பான சைன் வேவ் இல்லை, சதுரமாக வெட்டின ஸ்கொயர் வேவ். பழைய ஆம்ப்ளிபயரின் இரும்பு டிரான்ஸ்பார்மரை அதில் சொருகினால் உறுமும். பெட்டியில் 'ர்ர்ர்' என்று ஒரு கீழ்ஸ்தாயி ஹம், பாட்டின் அமைதியான இடங்களில் எல்லாம் அதுதான் முன்னால் நிற்கும். என் எஸ்டிகே ஐசி (4440-ஐ விடப் பெரிய வாட் ஐசி) போட்ட ஆம்ப்ளிபயரை அந்த வருஷம்தான் பிளக்கிலிருந்து பிடுங்கினேன். செல்போனுக்கு இந்தத் தொல்லை இல்லை, பேட்டரியில் ஓடுகிற சாமான். இருட்டில், விசிறி இல்லாத வெக்கையில், மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்து, நெஞ்சு மேல் வைத்துக் கேட்டோம். செல்போன் ஜெயித்தது அந்த மொட்டைமாடியில்.

23 ஜூலை

ரெக்கார்டிங் சென்டரைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார், அவருக்கு வயது இருபத்து மூன்றாம்.

தம்பி, சட்டைப் பையில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். 60 நிமிட கேசட்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பாட்டு. கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். "இதெல்லாம் யாருக்கு?" என்பார். சோகப் பாட்டாக இருந்தால் கேட்கவே மாட்டார். ரெண்டு மூன்று நாள் கழித்துப் போனால் முத்து முத்தான கையெழுத்தில் அட்டை எழுதி வைத்திருப்பார். ஒரு பக்கத்தின் கடைசியில் ரெண்டு நிமிடம் மிஞ்சும். அதைக் காலியாக விட மாட்டார், தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டை அதில் போடுவார், பல்லவி, ஒரு சரணம், அதோடு டேப் தீர்ந்து கட். எனக்குத் தெரிந்த எத்தனையோ பாட்டுகளுக்கு ரெண்டாவது சரணம் இருக்கிறது என்பதே யூடியூப் வந்த பிறகுதான் தெரியும்.

அதற்கப்புறம் எம்பி3 சிடி, 128 கேபிபிஎஸ்ஸில் ஒரே தட்டில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு. அதற்கப்புறம் மெமரி கார்டு, "இங்கு பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை போர்டு! நாலு ஜிபி கார்டில் ஆயிரம் பாட்டு. ஏத்திக் கொடுத்த பையன் அதில் பத்தைக் கேட்டிருந்தால் அதிசயம். கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது யாருக்கு என்று அவன் கேட்டதில்லை. 2016-ல் ஜியோ வந்தது, டேட்டா மலிவானது, அந்தப் போர்டுகளும் இறங்கின.

26 ஜூலை, ஆடி வெள்ளி

இன்றைக்கு எழுத முடியாது. தெருமுனை மாரியம்மன் கோயிலில் பாக்ஸ் ஸ்பீக்கரை மலை மாதிரி அடுக்கியிருக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. யாரோ ஒருத்தர் மதுரையில் ஒலியே செத்துவிட்டது என்று எழுதியிருந்தாரே, அவரை இங்கே அனுப்புங்கள். 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு நிறுத்த வேண்டும். மணி பத்தே கால்.

28 ஜூலை

பானை ஸ்பீக்கரை விட்டுவிட்டீர்களே என்று மூன்று பேர். விடவில்லை, வெட்கப்பட்டு ஒதுக்கி வைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: மண்பானையின் வாயில் ஸ்பீக்கரை முகம் வெளியே தெரியும்படி வைத்து ஓரத்தைச் சுற்றிச் சாந்தோ எம்சீலோ பூசிவிடுவது. திறந்த ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும், பானை பின்பக்கத்தை அடைத்துவிடுகிறது, திடீரென்று பேஸ் வருகிறது. அந்த அளவில் நல்ல பௌதிகம்தான். சிலர் பானையின் பக்கத்தில் இன்னொரு ஓட்டையும் போடுவார்கள். அங்கேதான் வினை. குடத்துக்குள் இருக்கும் காற்றுக்கும் அந்த ஓட்டைக்கும் சேர்த்து ஒரு குறிப்பிட்ட சுருதி உண்டு. பாட்டின் பேஸ் அந்தச் சுருதிக்கு வரும்போதெல்லாம் 'தும்' என்று வீங்கும், மற்ற இடத்தில் ஒல்லியாகிவிடும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே தும்.

மானாமதுரையில் கடம் செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் கனமான மண்ணில் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துச் செய்கிறார்கள், கச்சேரிச் சுருதிக்கு ஏற்றபடி கட வித்வான்கள் வேறு வேறு கடம் வைத்திருப்பார்கள். ஒரு குடம் ஒரு சுருதி என்பது அவர்களுக்குத் தொழில். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் அதே குடத்தில் ஸ்பீக்கரை ஒட்டி எல்லாச் சுருதியும் கேட்க ஆசைப்பட்டோம்.

ஆனாலும் டீக்கடையில் அந்தப் பானைச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

1 ஆகஸ்ட்

வளவைப் பற்றி நான் எழுதினதை மதினி படித்துவிட்டார்கள். அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.

போன் வந்தது. "கொழுந்தனாரே, அந்தச் செட்டுல நான் கேட்ட பாட்டு எதுன்னு எழுதலையே?" என்றார்கள். எதுவும் இல்லை என்பதுதான் பதில். பட்டன் அண்ணன் கையில், அவன் இல்லாதபோது என் கையில். குழாயடி அக்காவாவது அதட்டிக் கேட்டார், மதினி வீட்டுக்குள் இருந்துகொண்டு கேட்டதில்லை. அவர்களுக்குப் பிடித்தது பி. சுசீலாவின் பழைய பாட்டுகளாம், அவர்கள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை காலம் கழித்து எனக்கு இது இப்போதுதான் தெரிகிறது. இப்போது அடுப்படி அலமாரியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து நாள் பூரா அவர்களுக்குப் பிடித்ததைக் கேட்கிறார்கள். தங்கை வீட்டில் கேரவான் பாட்டுப் பெட்டி இருக்கிறதாம், 2017-ல் சரிகம கொண்டுவந்ததே, ஐயாயிரம் பாட்டோடு, அது. ஆனால் மதினிக்குப் போன்தான் வசதி, வேண்டாத பாட்டைத் தள்ளிவிடலாம்.

சின்ன ஸ்பீக்கர், பேஸ் கிடையாது, எண்ணெய் பட்டுப் பாதி ஓட்டை அடைந்திருக்கும். தரம் என்று பேச ஒன்றுமில்லை. ஆனால் வளவை நினைத்து ஏங்குகிறவர்கள், நானும் சேர்த்து, அங்கே பட்டன் யார் கையில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும் போலிருக்கிறது. இது என் கட்சியைக் கொஞ்சம் ஆட்டுகிறது. யோசிக்கிறேன்.

4 ஆகஸ்ட்

யோசித்ததில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. காது விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வயர் வைத்த இயர்போன் வாங்கியிருக்கிறான், காதுக்குள் அடைத்துக்கொள்வது. போனில் ஜாக் இல்லை, அதற்கு ஒரு டாங்கிள். லாஸ்லெஸ் என்று போட்டான், அதாவது சிடியில் இருக்கிற 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் அப்படியே. எனக்கு மனப்பாடமான ஒரு பாட்டு. சரணத்துக்கு முன்னால் பாடகர் மூச்சு இழுப்பது கேட்டது. தபேலாவில் விரல் எங்கே படுகிறது என்று தெரிந்தது. எங்கள் செட்டில் அந்தத் தபேலா 'டப்' என்று ஒரே சத்தம். அதன் பிறகு சாதாரண ப்ளூடூத்தில் அதே பாட்டு, எஸ்பிசி கோடெக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்புகிற முறை), அதிகபட்சம் 328 கேபிபிஎஸ் சுற்றி. அதுவும் எங்கள் கேசட்டை அடித்துத் தூக்கிப் போட்டுவிடும். பையனுக்குக் காது செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் ஒரே பாட்டின் ரெண்டு ரிலீஸை ஒப்பிட்டு "மாமா, இதுல எல்லாத்தையும் நசுக்கி ஒரே சத்தமா வச்சிருக்கான்" என்கிறான். அவன் வயதில் நான் ஈக்வலைசரில் எல்லாக் குமிழையும் மேலே தள்ளிவிட்டுக் கேட்டவன்.

ஒன்று மட்டும் அவனுக்கு இல்லை. மீனாட்சி கோயில் ஆடி வீதியில் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கும்போது பக்கத்தில் நின்றால் தவில் வயிற்றில் அடிக்கும். இயர்போன் காதோடு நின்றுவிடுகிறது. மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தைப் பெரிய பெட்டியில் போட்டுக் காட்டினேன், குளவியை விரட்டி, நண்பர் வீட்டிலிருந்து ஜோடிக்கு ஒன்று வாங்கிவந்து. "நல்லாருக்கு மாமா, ஆனா இதை எங்க வைக்கிறது?" என்றான். அவன் இருப்பது கோயம்புத்தூரில் மூன்று பேர் ஒரு அறை.

9 ஆகஸ்ட்

முதலில் கேள்வி கேட்டவர் இப்போது தனிச்செய்தியில் வேறு கேள்வி கேட்கிறார். பழைய ஆம்ப்ளிபயர் பெட்டி ஜோடி ஒன்று ஆரப்பாளையம் பக்கம் விலைக்கு வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று. எல்லாருக்கும் உதவும், இங்கேயே சொல்கிறேன்.

வூஃபர் (பேஸ் தருகிற பெரிய ஸ்பீக்கர்) ஓரத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் ஓரமாக இருந்தால் நம்ம ஊர் ஈரத்துக்கும் வெக்கைக்கும் இத்தனை வருஷத்தில் மக்கியிருக்கும், தொட்டதும் கரித்தூள் மாதிரி உதிரும். அதற்காக விட்டுவிட வேண்டாம், விலையைக் குறைக்க ஒரு காரணம், ஓரம் மாற்றிக்கொள்ளலாம். துணி ஓரம் அல்லது ரப்பர் ஓரம் என்றால் யோசிக்காதீர்கள். டெக் சேர்ந்து வந்தால் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டே பேசுங்கள். ஆம்ப்ளிபயரைப் பாட்டு போடாமல் ஆன் பண்ணி, வால்யூமைக் குறைத்து வைத்துப் பெட்டியில் காதை வையுங்கள். அப்போதும் ஹம் வந்தால் பெரிய கண்டன்சர் காய்ந்திருக்கும், மாற்றப் பெரிய செலவில்லை. ஒரு பக்கம் மட்டும் வரவே இல்லை என்றால் வேண்டாம், அதற்கு ஐசி கிடைப்பது கஷ்டம், கிடைப்பதில் டூப்ளிகேட் அதிகம்.

ஆம்ப்ளிபயரை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். சுலபமாக வந்தால் உள்ளே டிரான்ஸ்பார்மர் சின்னது, என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் நம்பாதீர்கள். தூக்க முடியவில்லை என்றால் வாங்குங்கள், டூவீலரில் போகாமல் ஆட்டோவில் போங்கள்.